முகம் இல்லை, கால் இல்லை... மோட்டூரில் நிற்கும் கல் மனிதர்!

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி திருவண்ணாமலையில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்கோ கிரிவலத்துக்கோதான் போவார்கள். பஸ் மாறி தண்டராம்பட்டு பக்கம் போனால், மோட்டூரில் இன்னொருவர் காத்திருக்கிறார்.

சுமார் 3 மீட்டர் உயர ஒற்றைப் பலகைக்கல். தலை இருக்கவேண்டிய இடத்தில் சின்ன வளைவு, இருபுறமும் விரிந்த தோள்கள். அவ்வளவுதான்! கண், மூக்கு எதுவும் செதுக்கவில்லை. ஆனாலும் பார்த்தவுடன் மனித உருவம் என்று தெரிந்துவிடுகிறது. 'தாய் தெய்வம்' என்கிறார்கள். இங்குள்ள கல்வட்டங்கள் பெருங்கற்கால மக்கள், இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கல் நட்டு உருவாக்கியவை.

ஜப்பானின் யோஷிமியிலும் இப்படியோர் இடம் உண்டு. குன்றைக் குடைந்த 219 கல்லறைகள். வயது சுமார் 1,400 ஆண்டுகள். 1887-ல் தோண்டிய ஆய்வாளர் அவற்றைக் குள்ளர்களின் வீடு என்றார். நம்மூர் கற்திட்டைகளுக்கும் 'குள்ளர் வீடு' என்றே பெயர்! 1923-லேயே பாதுகாக்கப்பட்ட அந்தக் குன்றிலும், இரண்டாம் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைக்காகச் சுரங்கம் வெட்டியதில் சில கல்லறைகள் அழிந்தன. இங்கே போர் தேவைப்படவில்லை. புதையல் ஆசையும் வீட்டு அஸ்திவாரமுமே பல ஊர்க் கல்வட்டங்களைக் காலி செய்துவிட்டன.

மோட்டூர் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். களைப்பில் உருண்டைக் கல்லைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். வேண்டாம், அது யாரோ ஒருவரின் சமாதி.