லைன் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்றொரு சொல் உண்டு. பள்ளிப் பருவத்தில் அதற்குக் 'கோடு' என்னும் ஒரே பொருளை நாம் மனனஞ் செய்தோம். பின்னர் அகராதியைப் புரட்டியபோதே அதன் விரிவு விளங்கிற்று. கவிதையின் அடியும் லைன். மீனவனின் தூண்டில் நூலும் லைன். உடுப்பு உலர்த்தும் கொடி, தொலைபேசித் தொடர்பு, புகையிரதப் பாதை, வம்ச வழி, நடிகன் பேசும் வசனம், ஒருவன் செய்யும் தொழில் யாவும் லைனே. ஆளிநாரில் திரித்த நூலைக் குறித்த இலத்தீன் சொல்லே இதன் மூலம். ஒரு நூல் இத்தனை தூரம் நீண்டுவிட்டது!

இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையில், சிப்பாய்களின் குடிசை வரிசைகளுக்கும் இதுவே பெயர். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கென நீளவாக்கிற் கட்டப்பெற்ற அறைவரிசைகளும் அப்பெயரையே பெற்றன. மலையகத் தமிழர் வாயில் அது 'லயம்' ஆயிற்று. சங்கீதத்திலும் லயம் உண்டு. உள்ளம் ஒன்றுவதையும் லயம் என்கிறோம். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான காம்பராவில், பாட்டன் பாட்டி முதற் கைக்குழந்தை வரை ஒடுங்கிக் கிடப்போர் எதனோடு லயிப்பது? குதிரை கட்டுமிடம் லாயம். எழுத்திலே ஒரு கால்தான் வேறுபாடு.

1978இல் நாம் மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆங்கிலங் கற்பித்தோம். 'லைன்' என்னும் சொல்லை வைத்து வாக்கியம் எழுதுமாறு ஒருநாட் பணித்தோம். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: 'லைன் இஸ் அவர் ஹவுஸ்.' யாழ்ப்பாணத்திற் கல்வீட்டில் வளர்ந்த நமக்கு அது பிழையாகவே பட்டது. சிவப்பு மையால் அதன் குறுக்கே கோடு கீறினோம்.

"அது எங்க வீடுதானே, சேர்?" என்றாள். நாம் விளக்கம் எதுவுங் கூறாது அடுத்த கொப்பியை எடுத்தோம்.

அக்காலத்தில் அவ்வகுப்பு மாதந்தோறுங் குறைந்துகொண்டே வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னர் பேசுவதற்கென விடப்பட்டது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்து, தலைமன்னாரிற் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அதுவும் ஒரு லைன்தான். கீறியவர்களுள் எவரும் லயத்திற் படுத்தெழும்பியவரல்லர். இன்றும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த லயமே வீடு.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அகராதியிலுள்ள பொருள்களையெல்லாம் ஏற்ற நாம், கண்ணெதிரே நின்ற பொருளையன்றோ வெட்டினோம்! மறுநாட் காலை, திருத்திக் கொடுக்கும் எண்ணத்துடன் அச்சிறுமியின் கொப்பியைக் கேட்டு வாங்கினோம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளிற் குண்டு குண்டான எழுத்தில் வேறொரு வாக்கியம் எழுதியிருந்தாள்: புகையிரதம் லைனில் ஓடுகிறதாம். புகையிரதத்தை அவள் கண்டதுண்டா என்று கேட்டோம்.

"இல்ல, சேர்" என்றாள்.