காரணம் என்றொரு கட்டம்

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், பெயர்களை நீக்குவது.

வெளிநாட்டு ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், தேவாலயங்களின் சேமிப்புகள் என்று பெரும்பணத்தை நிர்வகிப்பவர்கள் நாங்கள் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். புகையிலை வேண்டாம், கொத்துக்குண்டு வேண்டாம், நிலக்கரி வேண்டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருப்பார்கள். அவர்கள் வாங்கப்போகும் பங்குகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயரைச் சிவப்பாக்குவது எங்கள் கோடு. வீட்டில் கேட்டபோது ‘பேங்க் சாஃப்ட்வேர்’ என்று சொல்லிவைத்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிக்கெட் என் தலையில் விழுந்தது. அந்தப் பட்டியலில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. 255 எழுத்துகளைத் தாண்டினால் வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். திரையில் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் புகார் செய்திருந்தார். டீம் லீட் எளிய தீர்வு ஒன்று வைத்திருந்தார். “அந்த ஃபீல்டையே தூக்கிடுங்க. வாங்கலாமா, கூடாதா? அவ்வளவுதான அவங்களுக்கு வேணும்?” எனக்கும் அது சரியென்றே பட்டது.

மாற்றத்தைச் சோதிக்க உண்மையான பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. நார்வே அரசின் நிதி தன் விலக்குப் பட்டியலை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பல நிதிகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் பட்டியலைத் திருத்திக்கொள்கின்றன. அதை இறக்கி, மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வேதாந்தா, 2007 என்று ஒரு வரி. காரணம் என்னவென்று பார்க்க மூல ஆவணத்தைத் திறந்தேன். ஓஸ்லோவில் எழுதப்பட்ட அந்த அறிக்கையில் தூத்துக்குடி என்ற பெயர் இருந்தது. மேட்டூரும் இருந்தது.

நான் தூத்துக்குடிக்காரன்.

இந்த நிதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969இல் வட கடலில் நார்வேக்கு எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் ஒருநாள் தீர்ந்துவிடும், அடுத்த தலைமுறைக்கும் பங்கு வேண்டும் என்று அந்த வருமானத்தைச் சேமிக்க 1990இல் சட்டம் போட்டார்கள். 1996இல் முதல் பணம் விழுந்தது. இன்று உலகில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் அந்த ஒரு நிதியிடம் இருக்கிறது. பூமியைச் சூடாக்கிய பணத்தை வைத்துக்கொண்டு அறம் பேசுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நார்வேக்காரர்களே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் 2004இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நிதிக்கு அறநெறி விதிகள் வகுத்து, நிறுவனங்களை விசாரித்துப் பரிந்துரை சொல்ல ஒரு அறநெறிக் குழுவையும் அமைத்தார்கள்.

அந்தக் குழு 2007இல் வேதாந்தா ரிசோர்சஸையும் அதன் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், மெட்ராஸ் அலுமினியம் ஆகியவற்றையும் விலக்கச் சொன்னது. தூத்துக்குடி, மேட்டூர், சத்தீஸ்கரின் கோர்பா, ஒடிசாவின் லாஞ்சிகர் ஆகிய நான்கு இடங்களை அது ஆராய்ந்திருந்தது. கடுமையான சுற்றுச்சூழல் சேதம், மனித உரிமை மீறல் என இரண்டு காரணங்களை எழுதியது. நடந்து முடிந்ததற்குத் தண்டனை கொடுப்பது அக்குழுவின் வேலையல்ல. இனியும் இது தொடரும் அபாயம் ஏற்கத் தக்கதா, இந்த லாபத்தில் நமக்குப் பங்கு வேண்டுமா என்பதுதான் அதன் கேள்வி. அந்த ஆண்டு நவம்பரில் நார்வே நிதியமைச்சகம் முடிவை அறிவித்தது. நிதி தன் பங்குகளை விற்றிருந்தது.

அந்த நவம்பரில் நான் பொறியியல் முதலாமாண்டில் கணிதத்தில் அரியர் விழாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரைப் பற்றி ஓஸ்லோவில் உட்கார்ந்து யாரோ படித்து, எழுதி, முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பதினான்கு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

அதற்கிடையே நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 2010இல் ஆலையை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2013இல் அதே உச்ச நீதிமன்றம் மூடும் உத்தரவை ரத்து செய்துவிட்டு, சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து ஆலையை மூட அரசாணை வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, வழக்காடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதன் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. துப்பாக்கிச்சூட்டை அந்த 2007 அறிக்கை முன்கூட்டியே கண்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய்.

மே 22 அன்று நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். “கதவப் பூட்டிட்டு உள்ளதான் இருக்கோம், நீ ஒண்ணும் கெளம்பி வராத” என்று அம்மா போனில் சொன்னார். மறுநாளிலிருந்து ஊரில் இணையம் கிடையாது.

நார்வே விஷயத்தை முதலில் சொன்னது சித்தப்பாவிடம்தான். சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டியவர். துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் லோடு அடிப்பார். ஆலை மூடிய பிறகு கொஞ்ச காலம் லோடு கிடைக்காமல் தவித்தார். அவர் மகள் போராட்டத்துக்குப் போனவள். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏல, அவனுவ வித்துட்டுப் போயிட்டானுவ, சரி. அத வாங்குனவன் யாரு?”

நான் பத்து வருடமாக இந்தத் துறையில் குப்பை கொட்டுகிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. பங்குச் சந்தையில் பங்கை விற்பதால் கம்பெனியின் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயும் குறையாது. பங்கு கைமாறுகிறது, அவ்வளவுதான். எல்லோரும் விற்றால் விலை இறங்கும், புதிதாகப் பணம் திரட்டுவது கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் கூச்சப்படுகிறவர் ஒருவர் விற்றால் கூச்சமில்லாத ஒருவர் வாங்கிக்கொள்வார். விற்றவர் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார். விலகுவதா, உள்ளே இருந்துகொண்டு கேட்பதா என்று இந்தத் துறையில் ஓயாத சண்டை நடப்பது இதனால்தான்.

வாங்கினவன் யார் என்று தேடினேன். 2007இல் வாங்கியவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் 2018இல் யாரெல்லாம் வைத்திருந்தார்கள் என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோதுதான் என் சம்பளச் சீட்டு நினைவுக்கு வந்தது.

மாதாமாதம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப்புக்குப் போகிறது. 2015 ஆகஸ்ட் முதல் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போடுகிறது. முதலில் 5 சதவீதம், பிறகு 10, பிறகு 15. அது தனித்தனியாகப் பங்குகளைப் பொறுக்குவதில்லை. நிஃப்டி 50, சென்செக்ஸ் போன்ற குறியீடுகளைப் பின்பற்றும் ஃபண்டுகளை வாங்கும். குறியீட்டில் இருக்கும் நிறுவனம் எதுவானாலும் அதில் நம் பணமும் இருக்கும். 2018 மே மாதம் நிஃப்டி 50இல் வேதாந்தா இருந்தது.

என் பங்கு சில பைசாக்கள்தான். அதுவும் என் பெயரில் இல்லை, கோடிக்கணக்கானவர்களின் பணம் கிடக்கும் பொதுத் தொட்டியில். இருந்தாலும் கணக்கு கணக்குதான். நார்வேக்காரர்கள் பதினோரு வருடம் முன்பே வேண்டாமென்று விட்டுப்போன இடத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் மகன் ஒரு துளி முதலாளியாக இருந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2020இல் நிஃப்டியிலிருந்து அந்தப் பெயர் போனது. சந்தையிலிருந்தே பங்கை விலக்கிக்கொள்ள நிறுவனம் எடுத்த முயற்சியை ஒட்டி நடந்தது அது. எங்கள் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியென்றால் விற்றதால் என்ன பயன்? அதே அறிக்கையில் இருந்த லாஞ்சிகரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருக்கும் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டம் இருந்தது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை தன் வேதாந்தா பங்குகளை விற்றது. சுரங்கம் அதனால் நிற்கவில்லை. 2013இல் கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. நிறுத்தியது மலையில் இருந்தவர்கள். ஆனால் திருச்சபை ஏன் விற்றது என்று லண்டனில் செய்தியானது. டோங்ரியா கோண்டு மக்களின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்ட பங்குதாரர்கள் இருந்திருப்பார்கள். விற்றதைவிட, ஏன் விற்றோம் என்று வெளியே சொன்னதுதான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் எழுதப்பட்டிருந்தால் திரும்பி வரவும் வழி இருக்கும். இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்துக்காக 2008இல் ரியோ டின்டோவை நார்வே விலக்கியது. அந்தச் சுரங்கத்திலிருந்த தன் பங்கை ரியோ டின்டோ 2018இல் விற்றது. மறு ஆண்டு விலக்கு நீங்கியது. ‘சிவப்பு’ என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் துறை இப்போது மதிப்பெண்களின் பின்னால் ஓடுகிறது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்ற மூன்றையும் உருட்டித் திரட்டி ஒரே எண்ணாக்கித் தருகிறார்கள். ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவற்றுக்கிடையேயான ஒட்டுறவு சராசரியாக 0.54தான். ஒருவருக்கு நல்ல பிள்ளை இன்னொருவருக்குப் போக்கிரி. எண்ணோடு சண்டை போட முடியாது, காரணத்தோடு முடியும். இந்தியாவில் 2022-23 முதல் பெரிய 1000 நிறுவனங்கள் செபிக்கு ஒரு பொறுப்பறிக்கை கொடுக்க வேண்டும். சுற்றுவட்டார மக்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை நிலுவையில் இருக்கிறது என்றும் அதில் ஒரு வரி உண்டு. எண்ணிக்கை வந்துவிட்டது. என்ன புகார் என்பது வர வேண்டும்.

அந்த டிக்கெட்டை நான் முடித்தேன். கட்டத்தைத் தூக்கவில்லை. 255 என்ற எல்லையைத் தூக்கினேன். பெயரின் மேல் க்ளிக் செய்தால் முழுக் காரணமும் விரியும், அடியில் மூல ஆவணத்துக்கு ஒரு இணைப்பு இருக்கும். “இதையெல்லாம் யாருங்க படிக்கப் போறா?” என்றார் டீம் லீட். ஆனாலும் ஒப்புதல் கொடுத்தார். சோதனைக்கு எந்த வரியைப் பயன்படுத்தினேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் பிஎஃப் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“அப்ப வாங்குனவன் நீதானா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப அதுல என்னென்ன கெடக்குன்னு பாத்தியா?”

முழுசாகப் பார்க்கவில்லை. நிஃப்டியில் கோல் இந்தியா இருக்கிறது, ஐடிசி இருக்கிறது என்பதுவரை தெரியும். அந்தச் சுரங்கங்களின் பக்கத்திலும் ஏதோ ஒரு வீட்டில் கதவு இருக்கும். ஐம்பது பெயர்தான். ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.