ஸ்டீயரிங்குக்குள் ஒரு லட்சுமி வெடி

அம்பாசடர் காலத்தில் ஸ்டீயரிங் என்றால் ஒரு வட்டம், நடுவே ஒரு ஹார்ன். தீர்ந்தது விஷயம். 2014-ல் அந்தக் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது பாட்டைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, போனை எடுக்க ஒன்று என்று ஸ்டீயரிங் முழுக்கப் பட்டன்கள். ஆர்மோனியம் கெட்டது போங்கள்!

எங்கள் காரில் சத்தம் கூட்டும் பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது. பனகல் பார்க் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "என்னா சார், வூட்ல விசேஷமா?" என்றார்.

மயிலாப்பூரில் ஒரு கடைப் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். "அஞ்சு நிமிஷம் சார். நெம்பினா கையோட வந்துடும்."

நான் நெம்ப விடவில்லை. வண்டியை மவுண்ட் ரோடு பக்கம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு விட்டேன். கார் சாமான்களுக்கென்றே பேர் போன தெரு. அங்கே ஒரு பெரியவர் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார்.

"வாங்க சார், டீ சாப்பிடலாம்."

"வேலை?"

"இதான் சார் வேலை."

பாடம் டீக்கடையில் நடந்தது. பட்டன்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டீயரிங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஏர் பேக். 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் டிரைவருக்கு அது கட்டாயம். மோதினால் உள்ளே மருந்து பற்றி, 30 மில்லி செகண்டு வாக்கில் பை ஊதிவிடும். கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரமாகும். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டுமே! அதற்காகக் கன்ட்ரோல் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்கும். அது வடியத்தான் இந்த டீ.

"அவசரப்பட்டு மஞ்ச கனெக்டர்ல கை வச்சா மூஞ்சிலேயே அறையும் சார்."

திரும்பி வந்து, பையைக் கழற்றி, மூடி மேலே பார்க்கும்படி தனியாக வைத்தார். அப்புறம் ஸ்விட்ச் இரண்டே ஸ்க்ரூவில் கையில் வந்தது. பின்னால் சுருள் சுருளாக ஒரு ரிப்பன் ஒயர். "க்ளாக் ஸ்ப்ரிங். இது அறுந்தா ஹார்னும் போச்சு, ஏர் பேக்கும் போச்சு."

புது ஸ்விட்சை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஏர் பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தது. "அணையலேன்னா வண்டியை எடுக்காதீங்க" என்றார்.

பி.காம். படித்தவன் நான், பில்லைப் பார்த்தேன். கூலி இருந்தது, காத்திருந்த நேரத்துக்கு ஒரு பைசா இல்லை. உண்மையில் அதற்குத்தான் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மயிலாப்பூர்ப் பையன் நாளைக்கு வேறு யார் காரிலாவது நெம்பப் போகிறான். பாவம், ஸ்டீயரிங்குக்கு நேரே இருக்கப் போவது அவன் முகம்தானே! சொல்லிவிட்டு வர வேண்டும்.