வேளச்சேரி: வடிய வழியில்லாத வெள்ளம்

தென்சென்னையில் கிண்டிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே இருக்கிறது வேளச்சேரி. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட தண்டீசுவரர் கோயில் ஊரின் பழமைக்குச் சான்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம், பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியதும், 2007இல் பறக்கும் ரயில் வந்ததும், நடுத்தர வர்க்கம் கடன் வாங்கியாவது வீடு வாங்கத் துடிக்கும் இடமானது. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே பேச்சே வேறு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பலர் அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தார்கள். 2015லும் 2023லும் வெள்ளத்தில் அவதிப்பட்டவர்களுக்கோ அது சாதாரண முன்னெச்சரிக்கை. தண்ணீர் வரும், வந்தால் சீக்கிரம் போகாது என்பது அவர்கள் அறிந்தது.

ஏன் போவதில்லை என்பதற்கு நில அமைப்பே பதில் சொல்லும். ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாக வேளச்சேரியைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். தென்சென்னையின் பல ஏரிகளுக்கும் அந்தச் சதுப்பு நிலம்தான் வடிகால். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்ற ஒரே பாதையில் நீர் கடலுக்குப் போகிறது. புயல் நேரத்தில் கடல் பொங்கினால் முகத்துவாரத்தில் நீர் வெளியேறுவது மட்டுப்படும். மடுவு குறுகியிருந்தால் அதற்கும் முன்பே தேங்கும். அப்படித் தேங்கும் நீரைச் சில நாள் தாங்கிக்கொள்வதுதான் வேளச்சேரி ஏரியும் சதுப்பு நிலமும் செய்துவந்த வேலை. அந்த இரண்டையும்தான் நாம் சுருக்கிவிட்டோம். சுமார் 265 ஏக்கராக இருந்த வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த பள்ளிக்கரணையில், 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,250 ஹெக்டேர்தான். மீதியைக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டன.

இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினால் எந்த ஊர்தான் தாங்கும் என்று கேட்பார்கள். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் அப்படித்தான் கொட்டியது. அத்தகைய மழையில் தண்ணீர் ஏறுவதைத் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மேட்டுப் பகுதிகளில் மழை விட்டதும் வடிந்த நீர் வேளச்சேரியின் தாழ்வான நகர்களில் நாள்கணக்கில் நின்றதே, அதற்கு மழை பொறுப்பாகாது. கோடிக்கணக்கில் செலவழித்து மழைநீர் வடிகால் கட்டுகிறோமே என்பது அடுத்த சமாதானம். வடிகால் நீரை நகர்த்துமே தவிர, போய்ச் சேர இடம் தராது. கடைசியில் இருக்கும் மடுவும் சதுப்பு நிலமும் ஏற்காதபோது, மேட்டுத் தெருக்களின் புது வடிகால்கள் பள்ளத்து வீடுகளுக்கு வெள்ளத்தை இன்னும் விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கவும் கூடும்.

ஏரியில் வீடு கட்டியவர்கள் அனுபவிக்கட்டும் என்ற கோபப் பேச்சும் உண்டு. ஏரி நிலத்தின் ஒரு பகுதியைக் குடியிருப்புக்காக எடுத்துக்கொடுத்ததே அரசு வாரியங்கள்தான். மனைப்பிரிவுக்கு ஒப்புதல், பத்திரப் பதிவு, மின் இணைப்பு, சொத்து வரி ரசீது எல்லாம் கொடுத்த பிறகு, வாங்கியவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. ஆக்கிரமிப்பு என்று ஏழைகளை மட்டும் அகற்றிவிட்டுப் பெரிய வளாகங்களைத் தொடாமல் விடுவது தீர்வும் ஆகாது.

ஆகவே இந்த ஊரின் எரிச்சல் மழைமீது அல்ல, வரிசை தவறிய செலவின்மீது. முதலில் ஒக்கியம் மடுவும் முகத்துவாரமும் அகல வேண்டும். எஞ்சிய ஏரியும் சதுப்பு நிலமும் தூர்வாரப்பட்டு, பருவமழைக்கு முன்பே கொள்ளளவோடு காத்திருக்க வேண்டும். சதுப்பு நிலத்தைச் சுற்றி இனி ஒரு கட்டடத்துக்கும் அனுமதி கூடாது. தெரு வடிகால் அதற்குப் பிறகு. படகும் பால் பாக்கெட்டும் விநியோகிக்கும் நேரத்தில் இதைப் பேசிப் பயனில்லை. சித்திரை வெயிலில் மடுவு எவ்வளவு அகலமானது என்பதை வைத்துத்தான் அரசின் அக்கறையை வேளச்சேரி அளக்க வேண்டும்.