மீண்ட மூச்சு

நுழையும்முன்

மனிதனுக்கு வாய்த்த முதல் கருவி அவன் உடல். அதனைப் பேணத் தவறியவர் கையில் வேறெந்தக் கருவியும் பேசுவதில்லை. கஞ்சா என்னும் போதைப்பொருள் உடலுக்குச் செய்யும் தீங்கையும், அதிலிருந்து மீண்டெழ உடல் கொண்டுள்ள ஆற்றலையும் ஓர் இளைஞனின் வாழ்வின்வழி இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அறுந்த இசை

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்துவரும் குடும்பம் அது. தந்தை கோயில் கலைஞர். மகன் எட்டு வயதில் சீவாளியை உதட்டில் வைத்தவன். விடியுமுன் எழுந்து, படித்துறை மண்டபத்தில் அமர்ந்து சாதகம் செய்வான். ஒரே மூச்சில் அவன் இழைக்கும் நீண்ட பிடிகளைக் கேட்டபடியே ஊரார் வாசல் தெளித்துக் கோலமிடுவர்.

பதினெட்டாம் வயதில் மேற்பயிற்சிக்காக நகருக்குச் சென்றான். உடன் தங்கியிருந்தோர் ஒருநாள் புகையை நீட்டினர். “செடியில் விளைவதுதானே, தீங்கொன்றும் இல்லை. வேண்டாமென்றால் விட்டுவிடலாம்” என்றனர். முதலில் வாரம் ஒருநாள். பிறகு நாளுக்கு ஒருமுறை. அதன்பின் விழித்திருக்கும் பொழுதெல்லாம் என்றாயிற்று. இரண்டாண்டுகள் சென்றபின், விட்டுவிட எண்ணினாலும் இயலவில்லை என்பதை அவன் அறிந்தான். எவரிடமும் சொல்லவில்லை.

அவ்வாண்டுத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும் பொறுப்பைத் தந்தை மகனுக்கு அளித்தார். கம்பீரநாட்டை தொடங்கியது. மூன்றாம் சுற்றில் மூச்சு அறுந்தது. மீண்டும் ஊதினான், இருமல் முட்டியது. தவிலின் கணக்குக்கும் அவன் கைக்கும் இடையே இடைவெளி விழுந்தது. தந்தை அவன் பக்கம் திரும்பாமலேயே தம் கருவியை எடுத்து இசையைத் தொடர்ந்தார். தேரடியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அன்றிரவு திண்ணையில் அவனருகே அமர்ந்து, “உடம்புக்கு என்னப்பா?” என்று மட்டும் தந்தை கேட்டார். அவன் அழுதான், எல்லாவற்றையும் சொன்னான்.

உடலில் நிகழ்வது

தந்தை அவனை மாவட்டத்திலிருந்த போதை மீட்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். “நல்ல பிள்ளையாக வளர்த்தேன், ஐயா” என்று தலைகுனிந்தவரிடம், “இப்போதும் நல்ல பிள்ளைதான். இது நோய், மருத்துவம் உண்டு” என்றார் மருத்துவர். பின்னர் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார்.

கஞ்சாவில் மயக்கம் தரும் முதன்மைப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. எனப்படுவது. புகையை இழுத்த சில நிமிடங்களில் அது குருதி வழியே மூளையை அடைகிறது. நினைவு, காலவுணர்வு, பசி, உறக்கம், உடலசைவு ஆகியவற்றை நெறிப்படுத்த மூளை தானே மிகச் சிறிய அளவில் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதனை ஏற்பதற்காக நரம்பணுக்களில் ஏற்பிகள் அமைந்துள்ளன. டி.எச்.சி. அந்த ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, கண்ணின் நுண்குழாய்கள் விரிந்து விழி சிவக்கிறது, வாய் உலர்கிறது. புதியதைப் பதியவைக்கும் மூளைப்பகுதி தடுமாறுவதால் நேற்றுக் கற்ற உருப்படி இன்று நினைவில் நிற்பதில்லை. காலவுணர்வு குலைவதால் தாளம் நழுவுகிறது.

நாள்தோறும் இது தொடரும்போது, மிகுதியாகத் தூண்டப்படும் ஏற்பிகளை மூளை குறைத்துக்கொள்கிறது. எனவே பழைய அளவு போதாமல் போகிறது. பசிக்கவும் உறங்கவும்கூடப் புகை வேண்டும் என்னும் நிலைக்கு உடல் வந்துசேர்கிறது. இதுவே அடிமைநிலை. மனிதமூளை இருபத்தைந்து வயதையொட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. ஆதலால் பதின்பருவத்தில் தொடங்குவோருக்குப் பாதிப்பும் மிகுதி. அடிமையாகும் வாய்ப்பும் மிகுதி. சிலருக்கு மனச்சிதைவு நோய் தலைகாட்டவும் இது காரணமாகிறது.

நுரையீரலும் தப்புவதில்லை. கஞ்சாப் புகையை ஆழ இழுத்து உள்ளே நிறுத்துவது வழக்கம். அதனால் மூச்சுக்குழல்கள் அழற்சியுற்றுச் சளியும் இருமலும் நிலைக்கின்றன. நெடுங்காலம் பயன்படுத்துவோரில் சிலர், அடக்கவியலாத வாந்தியால் துன்புற்று, சுடுநீரில் குளித்தால் மட்டுமே ஆறுதல் காண்பதும் உண்டு.

‘செடிதானே’ என்னும் சொல்லை நம்பியவன் இவற்றையெல்லாம் கேட்டுத் தன் மார்பைத் தடவிக்கொண்டான்.

தெரிந்து தெளிவோம்

1964ஆம் ஆண்டு இஸ்ரேலிய வேதியியலாளர் இரபேல் மெக்கூலமும் அவர்தம் உடன்பணியாளரும் டி.எச்.சி.யைத் தனித்துப் பிரித்து அதன் கட்டமைப்பை அறிவித்தனர். 1992இல் மெக்கூலத்தின் ஆய்வுக்குழு, மூளை தானே சுரக்கும் பொருளைக் கண்டறிந்தது. ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லை அடியாகக் கொண்டு அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சிக்கான பொருள் மனிதனுக்குள்ளேயே சுரக்கிறது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மீளும் நாள்கள்

கஞ்சா அடிமைநிலையைத் தனியே தீர்க்கும் மருந்து இன்னும் ஏற்பு பெறவில்லை. உளவியல் ஆலோசனை, ஒழுங்கான அன்றாட வாழ்க்கை, குடும்பத்தின் துணை ஆகியவையே சிகிச்சையின் தூண்கள். இதனை முன்னரே கூறிய மருத்துவர், “முதல் வாரம் கடினமாக இருக்கும், தம்பி. அது உன் குணமன்று; உடலின் கணக்கு” என்றும் எச்சரித்திருந்தார்.

நிறுத்திய மறுநாளே தலைவலி தொடங்கியது. மூன்றாம் நாள் உடல் வியர்த்து நடுங்கியது. வயிறு புரட்டியது, உணவின் மணமே வெறுத்தது. காரணமற்ற சினம் மூண்டு, தாய் வைத்த தட்டைத் தள்ளிவிட்டான். சிதறிய சோற்றை ஒன்றும் பேசாமல் தாய் கூட்டியெடுத்தார். தந்தை அவனறை வாயிலில் பாய் விரித்துப் படுத்தார். இரவெல்லாம் இருவரும் உறங்கவில்லை.

வாரம் ஒன்று கடந்தபோது நடுக்கம் தணிந்தது, பசி திரும்பியது. ஆனால் உறக்கத்தில் அச்சமூட்டும் கனவுகள் வந்தன. புகையால் அடங்கியிருந்த கனவுறக்கம் மீண்டும் பொங்கியெழுவதே அதன் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். டி.எச்.சி. உடற்கொழுப்பில் தங்கும் இயல்புடையது. நெடுநாள் பழகியோர் உடலிலிருந்து அதன் தடயங்கள் நீங்க வாரங்கள் ஆகும். அதேவேளை, பயன்பாட்டை நிறுத்திய ஏறத்தாழ நான்கு வாரங்களில் ஏற்பிகள் இயல்புநிலையை நெருங்குவதை மூளைப் படிம ஆய்வுகள் காட்டியுள்ளன. இச்செய்தியைக் கேட்ட நாள்முதல் அவன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துவந்தான்.

ஐம்பதாம் நாளையொட்டி நண்பனின் திருமணத்திற்குச் சென்றவன் மீண்டும் புகைத்துவிட்டான். வீடு திரும்பியதும் தந்தையிடம் தானே சொன்னான். நெடுநேரம் அமைதியாக இருந்த தந்தை, “இம்முறை மறைக்காமல் சொன்னாயே” என்றார். விடிந்ததும் இருவரும் மருத்துவமனைக்குப் புறப்பட்டனர். சறுக்கல் மீட்சிப் பாதையில் நேரக்கூடியதே. எங்கே, எவரோடு, எம்மனநிலையில் சறுக்கினோம் என அறிந்துகொண்டால் அடுத்தமுறை விலகலாம் என மருத்துவர் எடுத்துரைத்தார்.

அன்று தந்தையும் ஒரு முடிவுக்கு வந்தார். அதுவரை ஊராரிடம் ‘மஞ்சள்காமாலை’ என்று சொல்லிவந்தவர், தம்முடன் வாசிக்கும் தவில் கலைஞரிடம் உண்மையைக் கூறினார். அவர் தயங்காமல், “நாளை முதல் சாதகத்துக்கு நானும் வருகிறேன், அண்ணே. பிள்ளை தனியாக உட்கார வேண்டாம்” என்றார்.

ஒத்து

படித்துறை மண்டபத்தில் மீண்டும் இசை எழுந்தது. தொடக்கத்தில் பத்து எண்ணும்வரைகூட மூச்சு நிற்கவில்லை. சளியும் இருமலும் சிறிதுசிறிதாகக் குறைந்தன. மாலையில் ஆற்றங்கரையில் நடந்தான், பின்னர் ஓடினான்.

அடுத்த திருவிழா வந்தது. மல்லாரியைத் தந்தையே வாசித்தார். மகனின் கையில் ஒத்து நாகசுரத்தைக் கொடுத்தார். ஒத்தில் இராகமில்லை, பாராட்டில்லை. கச்சேரி முழுவதும் ஒரே சுரத்தை அறாமல் ஊதிநிற்பதே அதன் பணி. மூச்சை உள்ளிழுக்கும்போதும் ஒலி நின்றுவிடக்கூடாது. அதனை ஒரு தண்டனையாக அவன் கருதவில்லை. தேர்வீதி நான்கையும் சுவாமி சுற்றிவரும்வரை சுருதி ஓரிடத்திலும் அறவில்லை.

நிலைக்கு வந்தபின் தந்தை அவன் முதுகில் கைவைத்து, “நாளை விடியற்காலை கம்பீரநாட்டையை எடு” என்றார்.

கற்பவை கற்றபின்

1. ‘சறுக்கல் மீட்சிப் பாதையில் நேரக்கூடியதே’ என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் நிகழ்வுகொண்டு விளக்குக.
2. தந்தை மகனிடம் ஒத்து நாகசுரத்தை அளித்ததன் பொருத்தம் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. இவ்வெண்ணை இடம்பெறச் செய்து, பள்ளி அறிவிப்புப் பலகைக்கு விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.