மாயாபந்தரில் எம் ஆசான்

பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு உறவினர் குறைவு. தாய்மாமனும் பெரியப்பாவும் நிற்கவேண்டிய இடத்தில் அண்டை வீட்டாரும் பள்ளி ஆசிரியருமே வந்து நிற்பர். ஒரு முழ இரயில் பாதையும் இல்லாத அந்தமானில் வளர்ந்த நாம், இன்று சென்னையில் இரயில்வே எழுத்தராக அமர்ந்து பிழைக்கின்றோம் என்றால், அதற்குக் காரணர் அத்தகைய ஆசிரியர் ஒருவரே. சென்ற ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். தம் பெயர் எங்கும் பேசப்படுவதை அவர் ஒருநாளும் விரும்பியவர் அல்லர்; ஆதலின் பெயரைக் குறிக்காமலே அவரைப் பற்றி எழுதத் துணிகின்றோம்.

மத்திய அந்தமான் தீவின் வடபுறத்தில் உள்ளது மாயாபந்தர். அங்கே வகுப்பறை என்பது பல நாட்டார் கூடும் சந்தை போன்றது. 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டாநாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களை அங்கு ‘ராஞ்சிக்காரர்’ என்பர். அவர்களில் கத்தோலிக்கர் பலர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து வேபி என்னும் ஊரை அமைத்தவர்கள் கரேன் மக்கள். நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியோரும் உண்டு. இவர்களுக்கிடையே தெலுங்கரும், நம்மைப் போன்ற தமிழரும் இருந்தனர். எல்லார்க்கும் பொதுமொழி இந்தியே.

எம் ஆசிரியர் குமரிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர், கத்தோலிக்கர். பள்ளியில் அவர் கற்பித்தது கணக்கு. ஆயினும் மாணவன் ஒருவனுக்குக் கணக்கு விளங்கவில்லையெனில், அவன் வீட்டு மொழியில் இரண்டொரு சொற்களை எடுத்து விளக்குவார். கரேன் மொழியில் எண்களைச் சொல்வார். ராஞ்சிச் சிறுவரிடம் அவர்தம் சாதரி மொழியில் நலம் விசாரிப்பார். உச்சரிப்பில் பிழை நேர்ந்தால் வகுப்பே சிரிக்கும். அவரும் உடன் சிரித்துத் திருத்திக்கொள்வார். மாலையிலோ தம் வீட்டுத் திண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளை அமர்த்தி, ஊதியம் ஏதும் பெறாமல் தமிழ் எழுதப் பழக்குவார். “பிறர் மொழியை விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் மொழியை மறக்க உங்களுக்கு உரிமை இல்லை” என்பது அவர் கட்டளை.

அத்திண்ணையில்தான் வேதப்பன் சாலமோன் என்னும் பெயரை நாம் முதன்முதல் கேட்டோம். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த தமிழ் உபதேசியார். 1890-களில் கார் நிக்கோபார் தீவின் மூஸ் என்னும் ஊரில் தங்கி, அரசின் முகவராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902-ஆம் ஆண்டில் இலண்டனில் மானிடவியல் இதழ் ஒன்றில் அச்சாயின. அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவருள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். பர்மா சென்று கல்வி பயின்று, ஊர் திரும்பித் தாமும் ஆசிரியராகி, புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். 1950-இல் பேராயர் ஆனார். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் இத்தீவுகளின் உறுப்பினராக அமர்ந்தார். 1975-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு எம் ஆசிரியர், “சாலமோன் என் சபையார் அல்லர், ஆயினும் இத்தீவுகளில் வேலை பார்க்கும் தமிழ் வாத்தியார் எல்லார்க்கும் அவரே மூத்த அண்ணன்” என்பார்.

அவருடைய பக்தி ஆரவாரமற்றது. ஞாயிறு தோறும் ராஞ்சிக்காரரோடு அமர்ந்து பூசை காண்பார். தபசு காலம் நாற்பது நாளும் தேநீரைத் துறப்பார். அதில் மிஞ்சிய காசு பாஸ்கா முடிந்ததும் எவனோ ஓர் ஏழைச் சிறுவனுக்குக் குறிப்பேடாக மாறும். எம் வீட்டார் முருகனை வழிபடுபவர்கள். பங்குனி உத்திரத்தன்று நாம் திருநீறு அணிந்து திண்ணைக்குச் சென்றால், “இன்று உன் வீட்டில் பாயசமா?” என்று கேட்பாரேயன்றி, தம் மதத்தை எம்மிடம் ஒரு சொல்லும் புகட்டியதில்லை.

2002-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. காட்டைக் காக்க அது வேண்டியதே. ஆனால் மர வேலையையே நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு அணைந்தது; எம் வீடும் அவற்றுள் ஒன்று. அப்போது நாம் ஒன்பதாம் வகுப்பு. மீன்பிடிப் படகு ஒன்றில் எம்மை வேலைக்கு விடத் தந்தையார் முடிவு செய்தார். செய்தி அறிந்து அன்றிரவே ஆசிரியர் எம் வீட்டுக்கு வந்தார். கல்வியின் பெருமையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. “அண்ணாச்சி, பையன் மாதம் எவ்வளவு கொண்டுவர வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். தந்தையார் தலைகுனிந்தவாறே ஒரு தொகையைச் சொன்னார்.

மூன்றாம் நாள், கடைத்தெருவில் ஒரு தமிழ் வணிகரிடம் மாலையில் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதும் வேலையை எமக்குப் பெற்றுத் தந்தார். தந்தையார் கேட்டதில் பாதியே சம்பளம். மீதிக்கு ஈடாகத் தம் இல்லத்தில் எமக்கு மதிய உணவு என ஏற்பாடு செய்தார். அவர் மனைவியார் தம் இரு பெண்மக்களுக்கும் எமக்கும் ஒரே அளவாகச் சோறு இடுவார். மீன் குறைந்த நாளில் குறைந்தது ஆசிரியர் தட்டிலேதான். வாரக் கடைசியில் கடைக் கணக்கை அவரே சரிபார்ப்பார். “ஒரு காசு குறைந்தாலும் பிழை, ஒரு காசு கூடினாலும் பிழை” என்பார். இன்றும் அலுவலகத்தில் பேரேட்டைக் கூட்டும்போது அக்குரல் காதில் ஒலிக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறிக் கப்பலேறி, இரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்னர்த் துறைத்தேர்வு எழுதி எழுத்தரானோம்.

அவர் மறைந்த செய்தியைத் தொலைபேசியில் தெரிவித்த மூத்த மகளார் இன்னொன்றும் சொன்னார். நாள்தோறும் இரவில் குடும்பத்தோடு முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும்போது, தந்தையார் மணிக்கு ஒருவராகத் தம் மாணவரை நினைத்துக்கொள்வாராம். செபமாலையில் மங்கள வார்த்தை செபத்திற்குரிய மணிகள் 53. எம் வகுப்பில் இருந்தோர் 46 பேர். “மிச்சம் ஏழு மணி வீட்டாருக்கு, எங்கள் முறை கடைசியில்தான் வரும். சிறு வயதில் அது எனக்குப் பொறாமையாய் இருக்கும், தம்பி” என்றார் அந்த அம்மையார். மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. முருகன் அடியார் வீட்டுப் பிள்ளைக்கும், வேபியிலிருந்து வந்த கரேன் பிள்ளைக்கும், எம் உடன்படித்த வங்காளிச் சிறுமிக்கும் அந்த மாலையில் ஆளுக்கொரு மணி இருந்திருக்கின்றது. நாம் எவரும் அதை அறிந்திலோம்.

தீவில் வாழும் நம் சங்கக் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுகின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் தமிழில் தம் பெயரை எழுதத் திணறுவோர் பெருகி வருகின்றனர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீட்டார் வாரத்தில் ஒரு மாலை தம் திண்ணையைத் திறந்து வைத்தால் போதும். கற்பிப்பவர் பண்டிதராய் இருக்கவேண்டியதில்லை. எம் ஆசிரியரும் பண்டிதர் அல்லர், கணக்கு வாத்தியாரே. விடுமுறையில் மாயாபந்தர் வரும்போதெல்லாம் அத்தகைய திண்ணையில் ஒரு மாலை அமர்ந்து கற்பிக்க நாமும் காத்திருக்கின்றோம்.