வீட்டைக் காப்பாற்றும் மாடிப்படி

கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட சால்ட் லேக் வீடுகளில் இன்று வயதானவர்கள் மட்டுமே மிச்சம். எந்த வீடு நிற்கும், எது இடிபடும்?

சால்ட் லேக்கில் தெருப் பெயர் சொல்லி வழி கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே முகவரி என்பது இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும்தான். ஏ.இ., பி.டி., சி.கே. என்று நகரம் முழுக்கப் பிளாக்குகள். அதுவும் புரியாவிட்டால் தண்ணீர்த் தொட்டியைச் சொல்ல வேண்டும். சாலைகள் கூடும் வட்டத் திடல்களில் நிற்கும் உயரமான தொட்டிகளுக்கு எண் உண்டு. "நாலாம் நம்பர் டேங்க்" என்றதும் ஆட்டோக்காரர் முகத்தில் தெளிவு பிறந்தது.

என் அக்கா மகன் குடியிருக்கும் வீட்டைத் தேடிப் போனேன். அவனுக்கு ஐந்தாம் செக்டாரில் கம்ப்யூட்டர் வேலை. மனைவியும் குழந்தையுமாக இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறான். வீட்டுக்காரர் 78 வயது வங்காள அம்மாள். அவனும் அவன் மனைவியும் அவரை "மாஷிமா" என்று அழைக்கிறார்கள். நம் ஊர் "சித்தி", "பெரியம்மா" போல. ஒரே மகன் அமெரிக்காவில். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மூன்று தளம், நான்கு காட்டா மனை. வங்காளத்தில் ஒரு காட்டா 720 சதுர அடி. ஆக, சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் சற்று அதிகம். முன்புறம் இரும்புக் கம்பி அடைத்த வராந்தா, இழுத்து மூடும் மடக்குக் கதவு, மொசைக் தரை, மொட்டை மாடியில் பூஜையறை. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றுக்குத் தெற்குப் பக்கம் திறந்த படுக்கையறை. தெற்கு திறந்த வீடு என்றால் வங்காளிக்கு உயிர். தென்றலைக் கொண்டாடும் நமக்கு அது புரியாத விஷயமல்ல.

ஐம்பது ஆண்டுக்கு முன்பு கட்டியது. அதற்கும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்பு இந்த இடத்தில் வீடென்ன, தரையே கிடையாது.

பிரிவினைக்குப் பிறகு கல்கத்தாவில் மூச்சு முட்டியது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். நகரின் கிழக்கே உப்பு ஏரிகளும் மீன் பண்ணைகளும் பரந்து கிடந்தன. அங்கே புதிய நகர் அமைக்க விரும்பினார் முதலமைச்சர் விதான் சந்திர ராய். 1962 ஏப்ரலில் பணி தொடங்கியது. ஹூக்ளியில் தூர்வாரிய வண்டலைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியே கொண்டுவந்து ஏரியில் கொட்டினார்கள். வேலையை எடுத்தது யூகோஸ்லாவிய நிறுவனம். நகர வரைபடம் போட்டவரும் அந்த நாட்டு வல்லுநரே, தோப்ரிவோயெ தொஷ்கோவிச். அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி ராய் மறைந்தார். நகருக்கு அவர் பெயரைச் சூட்டி 'விதான்நகர்' என்றார்கள். மக்கள் வாயில் இன்றும் அது சால்ட் லேக்தான்.

தொஷ்கோவிச்சின் திட்டத்தில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் பூங்கா, அருகிலேயே கடை, நடந்து போகும் தூரத்தில் பள்ளி எல்லாம் இருந்தன. மனைகளை நடுத்தர வர்க்கத்துக்கு 999 ஆண்டுக் குத்தகையில் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் போகலாம், விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நில வியாபாரிகளின் கையில் சிக்காமல், குடும்பங்கள் நிலையாக வாழ வேண்டும் என்பது எண்ணம். பேராசிரியர்கள், டாக்டர்கள், அரசு அதிகாரிகள் கடன் வாங்கிக் கட்டினார்கள். கீழ்த்தளம் தங்களுக்கு, முதல் மாடி மூத்தவனுக்கு, இரண்டாம் மாடி இளையவனுக்கு.

குத்தகை 999 ஆண்டு. கணக்கு பிசகியது நாற்பதே ஆண்டில். மூத்தவன் பெங்களூர் போனான். இளையவன் நியூஜெர்சி போனான்.

மாலையில் பிளாக்கைச் சுற்றி நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். மூன்று தள வீடு, வெளிச்சம் ஒரே ஜன்னலில். அடுத்த வீட்டில் அதுவும் இல்லை, பெயர்ப்பலகையில் பாசி. அதற்கடுத்த மனையில் பழைய வீடு போய், மூங்கில் சாரத்துக்குள் புதுக் கட்டடம் எழும்புகிறது. 2012-ல் மாநில அரசு விதியைத் தளர்த்தி, கட்டணம் செலுத்தினால் மனையைக் கைமாற்றலாம் என்றது. அதற்கு முன்பும் திரைமறைவில் கைமாறியது உண்டு. இப்போது அது பகிரங்கமாக நடக்கிறது.

பழைய கல்கத்தாவிலும் இதே கதைதான். சிவப்பு சிமெண்ட் தரை, பச்சை மர ஜன்னல், தெருவைப் பார்த்த திண்ணை என்று அழகான வீடுகள் அங்கே இடிபடுகின்றன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத்தாளர் அமித் சௌதுரி 2015-ல் குரல் கொடுத்தார். காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போனதைப் பார்த்த நமக்கு அந்த ஆதங்கம் அந்நியமல்ல. ஆனால் சால்ட் லேக் வீட்டுக்காக அழ யாரும் இல்லை. அது பாரம்பரியக் கட்டடமும் அல்ல, புதுமையும் அல்ல. சிமெண்டும் கிரில்லும் மொசைக்குமான சாதாரண வீடு. தமிழ்நாட்டில் அந்த வயதுள்ள எந்தக் காலனியிலும் அதன் உறவுக்கார வீட்டைப் பார்க்கலாம்.

அப்படியானால் எந்த வீடு தப்பிக்கிறது? பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கவனித்த பிறகு எனக்குப் பட்டது இது: மாடிப்படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

படி, கூடத்தின் நடுவிலிருந்து ஏறினால் மேல்தளத்தை வாடகைக்கு விட முடியாது. அந்நியர் தினமும் நம் சாப்பாட்டு மேஜையைக் கடந்து போக வேண்டும். தனியாக இருக்கும் கிழவி அதற்குத் துணியமாட்டாள். வீடு பூட்டிக் கிடக்கும், ஒருநாள் விலை போகும். படி ஓரமாக, வாசலிலிருந்து நேரே ஏறினால் கதையே வேறு. ஒவ்வொரு தளமும் தனி வீடு. மாஷிமாவின் வீட்டில் படி ஓரத்தில் இருக்கிறது. "எந்த மருமகள் வருவாளோ, எதற்கும் படி தனியாக இருக்கட்டும்" என்றாராம் அவர் கணவர். சண்டைக்குப் பயந்து போட்ட படி. வந்த மருமகள் ஒரே ஒருத்தி, அவளும் அமெரிக்காவில். சண்டைக்கு ஆளில்லை. படி மட்டும் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

குடும்பம் மாறும், வீடும் அதோடு மாற இடம் கொடுக்க வேண்டும் என்பதை உலகின் நல்ல கட்டடக் கலைஞர்கள் இப்போது முதலிலேயே யோசிக்கிறார்கள். டோக்கியோவில் ரியூவே நிஷிசாவா 2005-ல் முடித்த மொரியாமா வீடு ஒரே கட்டடம் அல்ல. ஒரு மனைக்குள் பத்துச் சிறு வெள்ளைப் பெட்டிகள், நடுவே சந்தும் செடியும். உரிமையாளர் சிலவற்றில் வாழ்ந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாம். தேவை மாறினால் எண்ணிக்கையும் மாறும். சிலியின் இகீகே நகரில் அலெஹாந்த்ரோ அராவேனாவின் குழு 2004-ல் சுமார் நூறு ஏழைக் குடும்பங்களுக்குப் பாதி வீடுதான் கட்டிக் கொடுத்தது. மீதியைக் கட்டிக்கொள்ள இடம் விட்டிருந்தது, பணம் சேரச் சேர அவர்களே கட்டிக்கொண்டார்கள். நம் நாட்டில் சார்லஸ் கொரியா இதையே முன்பே செய்தார். 1980-களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் அமைத்த வீடுகளுக்குப் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது. யாரையும் கேட்காமல் விரித்துக்கொள்ளலாம்.

கொரியாவின் கைவண்ணம் சால்ட் லேக்கிலும் உண்டு, ஆனால் வீடாக அல்ல. 2004-ல் திறந்த சிட்டி சென்டர் வணிக வளாகம் அவர் வடிவமைத்தது. அதன் நடுவே படிக்கட்டுக் குளம் போன்ற திறந்தவெளியில் மாலை முழுக்க மக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் நடந்த அரட்டை அங்கே குடிபெயர்ந்துவிட்டது.

சால்ட் லேக்கின் பிரபலமான வீடே கூட யாருக்காகக் கட்டினார்களோ அவரோடு நிற்கவில்லை. 1972 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது இந்திரா காந்தி தங்குவதற்கென்று எழுந்தது 'இந்திரா பவன்'. பின்னாளில் அதில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவர் அவரது அரசியல் எதிரணியைச் சேர்ந்த மார்க்சிஸ்ட் தலைவர் ஜோதி பாசு. 2010-ல் அவர் இறக்கும்வரை அதுதான் அவர் இல்லம்.

இடித்துக் கட்டுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஜன நெருக்கடி மிகுந்த நகரில் பெரிய மனையில் ஒரே ஒரு மூதாட்டி இருப்பது நியாயமா? கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் வரும்போது முதலில் போவது தோட்டம்தான். கார் நிறுத்தச் சுவருக்குச் சுவர் டைல்ஸ் பாவிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஏரியாக இருந்த தரை இது. மழைத் தண்ணீருக்கு அது நினைவிருக்கிறது. பள்ளிக்கரணையில் வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாஷிமாவின் மாமனார் பாரிசாலிலிருந்து வந்தவர். கிழக்கு வங்காளத்தாரின் பேச்சில் வீட்டுக்கு இரண்டு சொல் உண்டு. 'பாரி' என்றால் பூர்வீக வீடு. 'பாஷா' என்றால் பிழைக்க வந்த இடத்தில் தங்கும் வீடு. மாமனார் சாகும்வரை இதைப் பாஷா என்றே சொன்னாராம். கணவர் பாரி என்றார். மகன் தொலைபேசியில் "பிராப்பர்ட்டி" என்கிறான். விற்றுவிட்டு வந்துவிடு என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது படியில் சத்தம். அக்கா மகனின் குழந்தை இரண்டாம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கிவந்து, "தீதா!" என்று கத்திக்கொண்டே மடக்குக் கதவை உலுக்கியது. வங்காளத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாஷிமா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.